காற்றில் ஓடும் சாண்டர்: எங்கள் பட்டறையில் பொருத்தியதும் பழகியதும்

காரைக்குடிக்கு அருகே பழைய கதவு, ஜன்னல், நிலை ஆகியவற்றைச் செப்பனிட்டுக் கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். எங்களிடம் வருபவற்றில் பெரும்பாலானவை பர்மா தேக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்து வீடு கட்டிய மரம் அது. நூறாண்டு வெயிலையும் மழையையும் பார்த்த பிறகும், மேலே இருக்கும் அரை நூல் கனத்தை எடுத்துவிட்டால், உள்ளே பொன்னிறமாக நிற்கும். அந்த அரை நூல் கனத்தை மரத்துக்குக் காயம் படாமல் எடுப்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

முன்பெல்லாம் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு இருவர் எதிரெதிரே அமர்ந்து தேய்ப்போம். ஓர் இரட்டைக் கதவுக்கு இரண்டு நாள் பிடிக்கும். பிறகு உப்புத்தாளைச் சுழற்றித் தேய்க்கும் மின்சாரச் சாண்டர் வாங்கினோம். நாள் முழுவதும் ஓட்டியதில் மோட்டாருக்குள் தூள் புகுந்து, ஓராண்டுக்குள் இரண்டு கருவிகளின் காயில் கருகிவிட்டது. அதன் பிறகுதான் கார் பெயின்டிங் பட்டறைகளில் பார்த்திருந்த காற்றுச் சாண்டரின் பக்கம் திரும்பினேன். வாங்கிய வரிசையில்தான் தவறு செய்தேன். முதலில் சாண்டரை வாங்கினேன். காற்றைப் பற்றிப் பிறகு யோசித்தேன். இந்தக் கருவியில் கைக்குள் அடங்கும் பகுதி மிகச் சிறியது. காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்த்தபடி சுவரோரம் நிற்கும் கம்ப்ரஸரிலிருந்து குழாய், வடிகட்டி, ஹோஸ் வரை எல்லாமே அந்தக் கருவிதான் என்பதை நான் செலவழித்துத்தான் தெரிந்துகொண்டேன். புதிதாக வாங்குகிறவர்கள் அந்தச் செலவில்லாமல் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சாண்டருக்குள் இருப்பது எளிய அமைப்பு. ஓர் உருளை, அதற்குள் மையத்திலிருந்து சற்று விலகிப் பொருத்தப்பட்ட ஒரு சுழலி, அந்தச் சுழலியின் காடிகளில் சறுக்கி வெளியே வந்து உருளையின் சுவரைத் தொட்டபடி சுற்றும் நான்கைந்து மெல்லிய தகடுகள். கடைக்காரர்கள் அவற்றை வேன் என்பார்கள். அழுத்தக் காற்று அந்தத் தகடுகளைத் தள்ளிக்கொண்டு விரிகிறது, சுழலி சுற்றுகிறது. தாளை ஒட்டுவதற்காக அடியில் இருக்கும் வட்டப் பேட் சுழலியின் மையத்தில் நேராகப் பொருத்தப்படாமல் ஒரு சிறு விலகலோடு பொருத்தப்பட்டிருப்பதால், பேட் சுற்றவும் செய்கிறது, சிறு வட்டத்தில் அலையவும் செய்கிறது. இந்த இரட்டை அசைவினால்தான் இதற்கு டிஏ (டூயல் ஆக்ஷன்) சாண்டர் என்று பெயர் வந்தது. அலையும் அளவு 5 மில்லிமீட்டராக இருந்தால் வேகமாக அறுத்து எடுக்கும், 2.5 மில்லிமீட்டராக இருந்தால் மெல்ல எடுத்து வழவழப்பாக முடிக்கும். 5 அங்குலம், 6 அங்குலம் என இரண்டு பேட் அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. கதவுப் பலகைகளின் அகலத்துக்கு எனக்கு 5 அங்குலமே வசதியாக இருக்கிறது. செதுக்கு வேலை உள்ள இடத்துக்கு எந்த அளவும் உதவாது. அங்கே கையும் உப்புத்தாளும்தான்.

தகடுகள் உருளைச் சுவரை உரசிக்கொண்டே நிமிடத்துக்கு 10,000 முதல் 12,000 சுற்று ஓடுகின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இதற்கு ஏன் எண்ணெய் வேண்டும், ஏன் தண்ணீர் ஆகாது என்பதை வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனிக் கம்ப்ரஸர். என்னிடம் அப்போது இருந்தது 100 லிட்டர் தொட்டியோடு கூடிய 2 ஹெச்பி கம்ப்ரஸர். ஸ்பிரே கன்னுக்கும் ஆணி அடிக்கும் கன்னுக்கும் அது போதுமானதாக இருந்ததால் சாண்டருக்கும் போதும் என்று நினைத்தேன். லீவரை அழுத்தியதும் சாண்டர் சீறிக்கொண்டு ஓடியது. ஒரு நிமிடம் கடந்ததும் சோர்ந்து, மரத்தின் மேல் வெறுமனே அதிர்ந்தது. கருவியில் குறை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகவிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் குறை என்னுடையது என்று புரிந்தது. ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம். 100 லிட்டர் தொட்டியில் அழுத்தம் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது நமக்குக் கிடைப்பது வெளிக்காற்றின் அளவில் 200 லிட்டர். சாண்டர் நிமிடத்துக்குக் கேட்பது 12 கன அடி (சிஎஃப்எம் என்பார்கள்), அதாவது ஏறக்குறைய 340 லிட்டர். 2 ஹெச்பி கம்ப்ரஸர் கொடுப்பது அதில் பாதிதான். நிமிடத்துக்கு 170 லிட்டர் பற்றாக்குறை இருந்தால் 200 லிட்டர் சேமிப்பு சுமார் 70 விநாடி வரும்; அதை மறுபடி நிரப்ப இன்னொரு 70 விநாடி காத்திருக்க வேண்டும். தொட்டியைப் பெரிதாக்கினாலும் இந்தப் பற்றாக்குறை தீராது, தள்ளித்தான் போகும்.

ஆகவே கம்ப்ரஸர் வாங்கும்போது தொட்டியின் லிட்டரை மட்டும் பார்க்காதீர்கள். ஹெச்பியை மட்டும் பார்த்தாலும் போதாது. பார்க்க வேண்டியது அது உண்மையில் வெளியே தரும் காற்றின் அளவை. பெயர்ப் பலகையில் பெரும்பாலும் பிஸ்டன் நகர்த்தும் கொள்ளளவுதான் பொறிக்கப்பட்டிருக்கும். வெளியே வரும் காற்று அதில் முக்கால் பங்கு அளவுக்கே இருக்கும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. சாண்டரின் பெட்டியிலும் ஓர் ஏமாற்று உண்டு. விட்டுவிட்டு ஓட்டினால் ஆகும் சராசரிச் செலவைச் சிலர் பெரிய எழுத்தில் அச்சிட்டு, தொடர்ந்து ஓட்டினால் ஆகும் செலவை உள்ளே இருக்கும் கையேட்டில் மட்டும் கொடுப்பார்கள். சாண்டர் தொடர்ந்து ஓடும் கருவி. தொடர்ச்சியான அளவைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஸருக்கு இடையிடையே ஓய்வும் வேண்டும் என்பதால், சாண்டர் கேட்பதைப் போல ஒன்றரை மடங்கு காற்று தரக்கூடியதாக இருந்தால் நல்லது. நான் கடைசியில் மூன்று ஃபேஸில் ஓடும் 5 ஹெச்பிக்கு மாறினேன். ஒரு சாண்டருக்கு அது சரியாக இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டை ஓட்ட முடியாது.

5 ஹெச்பி என்றால் ஏறத்தாழ 3.7 கிலோவாட். 300 அல்லது 400 வாட் மின்சாரச் சாண்டர் செய்யும் வேலையை இது பத்து மடங்கு மின்சாரத்தில் செய்கிறது என்பதை மறைக்கக் கூடாது. காற்றை அழுத்தும்போது பெரும்பகுதி ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. வீட்டில் ஒரு கதவு, ஒரு மேசை என்று ஆண்டுக்கு இரண்டு முறை தேய்க்கிறவர்கள் தயவுசெய்து மின்சாரச் சாண்டரையே வாங்குங்கள். தினமும் ஆறேழு மணிநேரம் ஓட்டுகிறவர்களுக்கும், ஈரத்தின் மேல் வேலை செய்கிறவர்களுக்கும், ஏற்கெனவே பெரிய கம்ப்ரஸர் வைத்திருப்பவர்களுக்கும்தான் காற்றுச் சாண்டர் பொருந்தும். எடை குறைவு, கை சுடாது, காயில் கருகாது, ஈரக் கையில் ஷாக் அடிக்கும் பயம் இல்லை. இந்த நான்கும் எனக்குப் போதுமான காரணங்களாக இருந்தன.

அடுத்து தண்ணீர். இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் எனக்குப் பெரிய நஷ்டம் வந்ததும் இதனால்தான். ஓர் ஐப்பசி மாதத்தில் வேங்கைப் பலகை போட்ட பூஜை அறைக் கதவு ஒன்றைத் தேய்த்து முடித்துவிட்டு, மறுநாள் பாலிஷ் போடலாம் என்று வைத்துவிட்டுப் போனோம். காலையில் வந்து பார்த்தால் பலகை முழுவதும் மிளகைத் தெளித்ததுபோல் கரும்புள்ளிகள். தொட்டிக்குள் தேங்கியிருந்த துருத் தண்ணீர் காற்றோடு வந்து, சாண்டரின் வெளியேறு துளை வழியாகத் தூவானமாக மரத்தின் மேல் விழுந்திருக்கிறது. வேங்கையில் துவர்ப்புச் சத்து அதிகம். இரும்பு கலந்த நீர் பட்டால் கறுத்துவிடும். ஆக்சாலிக் அமிலத்தைக் கரைத்துத் தடவி, கழுவி, உலர்த்தி, மறுபடி தேய்த்துச் சரிசெய்ய நான்கு நாள் ஆயிற்று.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதில் 24 கிராம் இருக்கும். அந்தக் காற்றை வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 7 பாருக்கு அழுத்தினால் அதன் கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சுருங்கிய காற்று மறுபடி 30 டிகிரிக்குக் குளிர்ந்ததும், அதனால் நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தாங்க முடியும். மீதி 20 கிராம் நீராக விழுந்தே தீர வேண்டும். 15 சிஎஃப்எம் கம்ப்ரஸர் ஒன்று ஒரு மணிநேரம் நிற்காமல் ஓடினால் 25 கன மீட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. அதாவது ஒரு மணிநேரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும்போது காற்று சூடாக இருப்பதால் நீர் முழுவதும் தொட்டியிலேயே விழுந்துவிடாது. ஆவியாகவே கடந்து சென்று, குழாயில் போகப்போகக் குளிர்ந்து அங்கே விழும். எனவே வடிகட்டியைக் கம்ப்ரஸரின் வாயிலேயே பொருத்துவதால் பெரிய பயனில்லை. சூடான ஆவி அதைத் தாண்டிப் போய்விடும். ஏழெட்டு மீட்டராவது குழாயில் ஓடிக் குளிர்ந்த பிறகு, வேலை செய்யும் இடத்துக்கு அருகில் பொருத்த வேண்டும். நான் சுவரோரமாக ஜிஐ குழாய் இழுத்து, போகும் திசையில் நூறுக்கு ஒன்று என்ற அளவில் சரிவு கொடுத்து, கடைக்கோடியில் கீழ்நோக்கி ஒரு துண்டுக் குழாயும் வடிகால் வால்வும் வைத்திருக்கிறேன். சாண்டருக்கான கிளையைக் குழாயின் அடியிலிருந்து எடுக்காமல் மேற்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்கியிருக்கிறேன். அடியில் ஓடும் நீர் கிளைக்குள் இறங்காமல் நேரே வடிகாலுக்குப் போய்விடுகிறது.

குழாய் என்றதும் ஓர் எச்சரிக்கை. தண்ணீருக்குப் போடும் பிவிசி குழாயைக் காற்றுக்குப் போடாதீர்கள். விலை குறைவு, ஒட்டுவது எளிது என்று பல பட்டறைகளில் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் அழுத்தத்தில் பிவிசி விரிசல் விட்டால் கசியும், அவ்வளவுதான். காற்றோ அழுத்தி வைத்த ஸ்பிரிங்கைப் போன்றது. விரிசல் விட்ட கணத்தில் முழுதும் விரிந்து, குழாயைக் கூரிய சில்லுகளாக உடைத்து வீசும். வெயில் பட்டும் எண்ணெய் ஆவி பட்டும் நாளாக நாளாக அது நொறுங்கும் தன்மையை அடைவதால், இரண்டு வருடம் தாங்கியது மூன்றாம் வருடமும் தாங்கும் என்று நம்பவும் முடியாது.

வடிகட்டியையும் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரையும் சேர்த்தே வாங்கலாம். பட்டறைப் பேச்சில் அழுத்தத்தை “கிலோ” என்றுதான் சொல்வோம். “ஆறு கிலோ காற்று” என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ. பெரும்பாலான சாண்டர்களுக்கு விதிக்கப்பட்டிருப்பது 90 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய ஆறேகால் கிலோ. இது சாண்டரின் வாயில், சாண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது இருக்க வேண்டிய அழுத்தம். லீவரை அழுத்தாமல் ரெகுலேட்டரில் 90 வைத்துவிட்டால், ஓடத் தொடங்கியதும் 70 ஆக இறங்கிவிடும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு 110 வைப்பதும் ஆபத்து. சுற்று வேகம் எல்லை கடந்து, வட்டத்தாளோ பேடோ பிய்த்துக்கொள்ளும். சாண்டரின் வாயருகே ஒரு சிறு அழுத்தமானியை T வடிவ இணைப்பில் பொருத்தி, ஓடவிட்டுப் பார்த்து ஒருமுறை சரிசெய்து, ரெகுலேட்டரில் மார்க்கரால் கோடு போட்டு வைத்துக்கொண்டால் போதும்.

அழுத்தம் வழியில் இறங்குவதற்கு முதல் காரணம் ஒல்லியான ஹோஸ். ஸ்பிரே கன்னுக்குப் போடும் கால் அங்குலத் துளையுள்ள சுருள் ஹோஸ் சாண்டருக்கு உதவாது. உள்விட்டம் 10 மில்லிமீட்டர், அதாவது 3/8 அங்குலமாவது இருக்க வேண்டும். நீளம் தேவைக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டாவது காரணம் ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்ற உதவும் குயிக் கப்ளர். ஹோஸைப் பெரிதாக்கிவிட்டு நடுவில் குறுகிய துளையுள்ள கப்ளரைப் போட்டால் ஹோஸுக்குச் செலவழித்த பணம் வீண். சாண்டரின் பிடியிலேயே கப்ளரை மாட்டினால் அதன் எடையும் அதிர்வும் சேர்ந்து மணிக்கட்டை வலிக்கச் செய்யும். அரை மீட்டர் நீளமுள்ள, எளிதில் வளையும் துணை ஹோஸை இடையில் வைத்து அதன் முனையில் கப்ளரைப் பொருத்துவது நல்லது.

ஹோஸை நிப்பிளில் சொருகியபின் அதை முறையான கிளாம்ப் போட்டுத்தான் முடுக்க வேண்டும். எங்கள் பட்டறையில் ஒருநாள் கிளாம்ப் கைவசம் இல்லை என்று கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கி ஓட்டினோம். மாலைக்குள் அது வழுகியது. விடுபட்ட ஹோஸ் பாம்புபோல் துள்ளி, உடன் வேலை செய்த தம்பியின் புருவத்துக்குக் கீழே அடித்து மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். கிளாம்ப் தீர்ந்துவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை என்பதை அன்றே முடிவு செய்தேன்.

எண்ணெய் விஷயத்தில் எங்கள் வேலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. காற்றுக் கருவிகளுக்கான வழக்கமான அமைப்பில் வடிகட்டி, ரெகுலேட்டர் இவற்றோடு எண்ணெய் சொட்டும் கிண்ணமும் சேர்ந்திருக்கும். மூன்றையும் சேர்த்து எஃப்ஆர்எல் என்பார்கள். ஆனால் அதே லைனில் மாலையில் ஸ்பிரே கன்னை மாட்டிப் பாலிஷ் அடிக்கிறவர்கள் அந்தக் கிண்ணத்தைப் பொருத்தக் கூடாது. ஹோஸின் உட்சுவரில் படிந்த எண்ணெய் பாலிஷோடு கலந்து, மரத்தின் மேல் மீன்கண் போன்ற குழிகளை உண்டாக்கும். எத்தனை கோட் அடித்தாலும் அவை மூடாது. நாங்கள் சாண்டருக்குத் தனி ஹோஸ், ஸ்பிரேக்குத் தனி ஹோஸ் என்று இரண்டு நிறங்களில் வைத்திருக்கிறோம். தினமும் காலையில் சாண்டரின் காற்று வாயில் நான்கு சொட்டு விட்டு, வேண்டாத பலகைத் துண்டின் மேல் பத்துப் பதினைந்து விநாடி ஓட்டி, வெளியேறு துளையைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் நல்ல மரத்தைத் தொடுவோம். காற்றுக் கருவிக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயைத்தான் பயன்படுத்த வேண்டும். பட்டறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று தேங்காய் எண்ணெயை விட்டால் நாளடைவில் பிசினாகி, தகடுகள் காடியில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயே தேவையில்லாத வகைச் சாண்டர்களும் உள்ளன. கையேட்டில் அப்படிச் சொல்லியிருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

வட்டத்தாளை மாற்றுவதற்கு முன் காற்றை அடைத்து, லீவரை ஒருமுறை அழுத்தி ஹோஸில் எஞ்சிய காற்றையும் வெளியேற்றிவிட்டு, கப்ளரைக் கழற்றுங்கள். இந்தச் சாண்டர்களின் லீவர் உள்ளங்கையின் கீழேயே இருப்பதால், பேடைப் பிடித்துத் தாளை உரிக்கும்போது தற்செயலாக அழுந்திவிடும். புதுத் தாளை ஒட்டும்போது அதன் துளைகள் பேடின் துளைகளோடு ஒன்றியிருக்க வேண்டும். தூள் வெளியேறுவது அந்தத் துளைகள் வழியாகத்தான். தாள் ஓரத்தில் மடிந்தோ மையம் விலகியோ ஒட்டியிருந்தால் உரித்து மறுபடி ஒட்டுங்கள். தாளின் எண் கூடக் கூட அதன் மணல் நுண்மையாகும். தேக்குக்கு நான் 80ஆம் எண் தாளில் தொடங்கி 120, 180, 220 என்று ஏறுகிறேன். பழைய பரப்பு அவ்வளவு கரடாக இல்லையென்றால் 120இலேயே தொடங்கலாம். 80க்குப் பிறகு நேராக 220க்குத் தாவினால், 80 விட்டுச்சென்ற கீறல்கள் அப்போது தெரியாது. பாலிஷ் பட்டதும் அத்தனையும் எழுந்து நிற்கும். ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் தூளை முற்றிலும் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொட வேண்டும். 80இன் ஒரு மணல் பொடி 220க்குள் மாட்டிக்கொண்டாலும் சுருள் சுருளான கோடுகளைக் கிறுக்கிவிடும்.

சாண்டரை முதலில் மரத்தின் மேல் தட்டையாக வைத்து, அதன் பிறகே லீவரை அழுத்துங்கள். அந்தரத்தில் ஓடவிட்டால் தடையில்லாமல் முழு வேகம் எடுத்திருக்கும். அப்படியே கீழே இறக்கும்போது விளிம்பு பட்ட இடம் பிறைபோல் குழிந்துவிடும். எங்களிடம் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்தில் அதிகம் செய்யும் தவறு இதுதான் என்று சொல்லலாம். அடுத்தது, அழுத்துவது. கையின் எடையைப் போட்டு அழுத்தினால் பேட் சுற்றுவதை நிறுத்திவிட்டு அலைய மட்டும் செய்யும். தாள் அடைத்துக்கொள்ளும், மரம் சூடாகும், வேலை நடக்காது. சாண்டரின் எடையும் அதை வழிநடத்தும் அளவுக்குக் கையின் எடையும் போதும். விநாடிக்கு ஓர் அங்குலம் என்ற மெதுவான நகர்வில், முந்தைய தடத்தின் பாதியை அடுத்த தடம் மூடும்படி போக வேண்டும். மரத்தை விட்டு வெளியே வரும் ஓரங்களில் பேடின் பாதிக்கு மேல் அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது. கூரான கோணம் மழுங்கிவிடும். பழைய கதவுகளின் அழகே அந்தக் கோணங்களில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். சாண்டரைச் சாய்த்து ஒரே புள்ளியில் கறையை எடுக்க முயன்றால் கறையோடு குழியும் கிடைக்கும். லீவரை விட்டபின் பேட் முற்றிலும் நின்றுவிட்டதைப் பார்த்த பிறகே கீழே வைக்க வேண்டும்.

தூளைப் பற்றிச் சொல்லும்போது என்னால் மென்மையாகச் சொல்ல முடியவில்லை. இழைப்புளியில் வரும் சுருள் தரையில் விழுந்துவிடும். சாண்டரில் வரும் நுண்தூள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும், நுரையீரல்வரை போகும். இங்கிலாந்தின் ஹை விக்கம் என்ற நாற்காலித் தொழில் நகரில், மரச்சாமான் செய்கிறவர்களுக்கு மற்றவர்களுக்கு அரிதாகவே வரும் ஒருவகை மூக்குப் புற்றுநோய் வருவதை 1960களில் மருத்துவர்கள் கண்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. தேக்குத் தூளும் ஈட்டித் தூளும் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குவதை எங்கள் தொழிலில் அறியாதவர் இல்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது இந்தத் தூளுக்குப் பாதுகாப்பே அல்ல. நெசவின் துளைகள் தூளைவிடப் பல மடங்கு பெரியவை. ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள எஃப்எஃப்பி2 முகக்கவசமாவது வேண்டும். அது முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். தாடி வைத்திருப்பவர்களுக்கு அது ஒட்டாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளியேறும் காற்றின் வேகத்திலேயே தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் சாண்டர்கள் கிடைக்கின்றன; அதைவிட வாக்குவம் கிளீனரோடு இணைக்கும் வகை நன்றாக உறிஞ்சும். இவை முகக்கவசத்துக்கு மாற்றாகாது, இரண்டும் சேர்ந்துதான் வேண்டும்.

பழைய பெயின்ட் பூசிய கதவாக இருந்தால் சாண்டரை எடுக்கவே எடுக்காதீர்கள். வீட்டுப் பெயின்டுகளில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதியை மத்திய அரசு 2016இல் கொண்டுவந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் பூசப்பட்ட எனாமலில், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நாங்கள் வேலை செய்கிறோம். அதைச் சாண்டரால் தேய்த்தால் ஈயம் நுண்தூளாகிப் பட்டறை முழுவதும் படியும், உடையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது; அங்கே ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை. ஆகவே பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறியதும் ஈரத்தோடே சுரண்டி எடுத்து, சுரண்டலைப் பிளாஸ்டிக் தாளில் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்தி, மரத்தைத் துடைத்து உலர்த்திய பிறகே சாண்டர் வரும். ஒரு கதவுக்கு ஒரு நாள் கூடுதலாகும். அந்த ஒரு நாள் கூலியைக் குறைக்கச் சொல்லும் வாடிக்கையாளர்களிடம் காரணத்தைச் சொல்வேன்; அவர்கள் வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எல்லாம் ஒரு வழக்கம் உண்டு: மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது ஏர் கன்னைப் பிடித்துச் சட்டையிலும் தலையிலும் உள்ள தூளை ஊதிக்கொள்வது. நானும் பல வருடம் செய்திருக்கிறேன். அது பகல் முழுவதும் முகக்கவசம் போட்டுத் தடுத்த தூளைக் கடைசி நிமிடத்தில் மூக்குக்கே அனுப்பும் வேலை. தோலில் ஒரு கீறல் இருந்தால் காற்று உள்ளே புகுந்து சதையைப் பிரித்துவிடும், காதில் பட்டால் செவிப்பறை கிழியும். விளையாட்டாக ஒருவர் உடலுக்குள் காற்றைச் செலுத்திக் குடல் கிழிந்து இறந்துபோன செய்திகளை நாளேடுகளில் நாம் படித்திருக்கிறோம். அழுத்தக் காற்றோடு எந்த விளையாட்டும் கூடாது என்று புதிதாக வரும் பையன்களிடம் முதல் நாளே, சம்பளத்தைப் பேசுவதற்கு முன்பே, சொல்லிவிடுகிறேன். துணிக்கு ஈரத் துண்டும் வாக்குவமும் போதும்.

கண்ணுக்குப் பக்கங்களும் மூடிய கண்ணாடி, காதுக்கு இயர் மஃப். கம்ப்ரஸரும் சாண்டரும் சேர்ந்து ஓடும்போது அருகில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் சத்தம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். வேட்டி, கைலி, தோளில் துண்டு, கையில் கட்டிய கயிறு எதுவும் சுற்றும் பேடுக்கு அருகில் ஆகாது. கோயில் கயிற்றை அவிழ்க்க மனம் வராதவர்கள் முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டு உள்ளே அடக்கிக்கொள்கிறார்கள்.

அதிர்வை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் அது உடனே வலிப்பதில்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்ட் கல் குவாரிகளில் காற்றுச் சுத்தியலைப் பிடித்து வேலை செய்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1918இல் ஆராய்ந்து பதிவு செய்தார். சாண்டரின் அதிர்வு சுத்தியலைவிடக் குறைவுதான். ஆனால் அது நாள் முழுவதும் கையிலேயே இருக்கிறது, வெளியேறும் காற்று வேறு விரலைக் குளிர வைக்கிறது. நாங்கள் அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்கிறோம். பேட் தேய்ந்தோ சமநிலை தப்பியோ இருந்தால் அதிர்வு பல மடங்காகும் என்பதால் பேடை மாற்றத் தயங்குவதில்லை. இரவில் விரல் நுனி மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால் சில வாரங்களுக்கு அவர்களுக்குப் பாலிஷ் வேலை மட்டும் கொடுக்கிறேன், மருத்துவரையும் பார்க்கச் சொல்கிறேன்.

கம்ப்ரஸரில் வாரம் ஒருமுறை எண்ணெய் மட்டத்தையும் பெல்ட்டையும் பார்க்கிறோம். சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்து அது ஒட்டிக்கொள்ளவில்லை என்பதை உறுதி செய்துகொள்கிறோம். பெல்ட்டுக்கு மேலுள்ள கம்பிக் கூண்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவதில்லை. அன்றாடம் செய்ய வேண்டியது ஒன்று மட்டும்: வேலை முடிந்ததும் சாண்டரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சில விநாடி ஓட்டி, உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, தொட்டியின் அடியில் உள்ள வடிகாலைத் திறப்பது. புருவத்தில் தையல் போட்டுக்கொண்ட அதே தம்பியின் பொறுப்பில் அது இருக்கிறது. வரும் நீரைப் பழைய பெயின்ட் டப்பாவில் பிடித்து அளந்து, தேதியோடு சுவரில் சாக்பீஸால் எழுதி வைக்கிறார். பங்குனியில் கால் லிட்டரைத் தொடாத எண் ஐப்பசி பிறந்ததும் ஒரு லிட்டரைத் தாண்டியிருக்கிறது. “நேற்றைவிடப் பழுப்பாக வருகிறது அண்ணே” என்று போன வாரம் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். தொட்டியின் உட்புறத்தைப் பார்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். அவர் பார்த்துவிட்டுச் சொல்லும்வரை கம்ப்ரஸரை நிறுத்தி வைத்திருக்கிறோம், கையில் உப்புத்தாளோடு உட்கார்ந்திருக்கிறோம்.